டிசம்பரோடு முடிகிற நிலம்: சுங்கை சிப்புட் பயணக் குறிப்புகள்

வெள்ளி இரவு

மலேசியாவின் பேராக் மாநிலத் தலைநகர் ஈப்போவைத் தாண்டியதும் ரயில் சன்னலுக்கு வெளியே சுண்ணாம்புக்கல் மலைகள் வரத் தொடங்கின. அடிவாரத்தில் காய்கறிப் பாத்திகள், மீன் குளங்கள், அப்புறம் கண்ணுக்கு எட்டிய வரை செம்பனை. சுங்கை சிப்புட்டில் இறங்கும்போது மழை விட்டிருந்தது. பெரியம்மா மகன், எனக்கு அண்ணன் முறை, லாரியோடு காத்திருந்தார். காலையில் பாசாரில் வெண்டைக்காய் இறக்கிய லாரி. "ஏறும்மா, அம்மா தோச மாவு கரைச்சு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்காங்க" என்றார்.

எதற்காக வந்தேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வட்டாரத்தில் காய்கறி போடுகிறவர்கள், ஏழெட்டு ஏக்கர் செம்பனை வைத்திருப்பவர்கள், மாடு வளர்ப்பவர்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை ஓரிடத்தில் உட்காரப் போகிறார்கள். நாட்டின் காலநிலைக் கொள்கையில் விவசாயத்துக்கு என்ன வேண்டும் என்பதைத் தங்கள் கையாலேயே எழுதப் போகிறார்கள். 2024 இறுதியில் அரசாங்கம் காலநிலை மாற்றச் சட்டம் கொண்டுவருவது குறித்துப் பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. இவர்கள் காதுக்கு அந்தச் செய்தி எட்டியபோது கெடு முடிந்திருந்தது. "சட்டம் வந்தாலும் அதுக்குக் கீழ விதி, திட்டம், காசு ஒதுக்கறதுன்னு எழுத எவ்வளவோ இருக்கு. அதுலயாவது நம்ம பேச்சு போய்ச் சேரட்டும்" என்று அண்ணன் போனில் சொன்னார். அதைக் கேட்ட அன்றே டிக்கெட் எடுத்தேன்.

ஊருக்குள் நுழையும்போது அண்ணன் வேகத்தைக் குறைத்தார். இது முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தன் பிறந்த ஊர். 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றுவிட்டுப் போனபோது, லயத்து வீட்டையும் வேலையையும் ஒரே நாளில் இழந்த குடும்பங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. 1960-இல் அவர் தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் தோட்டத் தொழிலாளர்களிடம் பத்துப் பத்து வெள்ளியாக (ரிங்கிட்) சேர்த்தது. அந்தப் பணத்தில் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தில் ஆரம்பித்து வரிசையாகத் தோட்டங்களை வாங்கினார்கள். கூலிக்காரர்கள் கூட்டாகச் சேர்ந்து நிலம் வாங்க முடியும் என்பதை இந்த ஊர் அப்போதே பார்த்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கூடப் போகிறவர்களில் பாதிப் பேருக்கு அந்தச் சங்கத்தில் பங்கு வைத்திருந்த தாத்தாவோ பாட்டியோ உண்டு என்கிறார் பெரியம்மா. தோசையோடு கருவாட்டுக் குழம்பு. நன்றாகத் தூக்கம் வருகிறது.

சனி

விடியும் முன்பே அண்ணனின் தோட்டத்துக்குப் போனோம். மூன்று ஏக்கர். ஒரு காலத்தில் ஈயம் தோண்டிய நிலம். 1985-இல் ஈய விலை சரிந்து சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு இப்படி விடப்பட்ட நிலங்களை மக்கள் கையால் திருத்தினார்கள். வெறும் மணல். அதில் மாட்டெருவும் கோழி எருவும் வருஷக்கணக்காகக் கொட்டி, பெரியப்பா மண்ணாக்கினார். இன்று வெண்டை, கத்தரி, பயிற்றங்காய், மரவள்ளி.

பயிற்றங்காய்ப் பந்தலில் ஒரு வரிசை முழுக்கக் கருகிக் கிடந்தது. மழை பெய்யும் விதம் மாறிவிட்டது என்பதை அண்ணன் வெறும் பேச்சாகச் சொல்லவில்லை. அண்ணி சமையலறையிலிருந்து பழைய தினசரி காலண்டர்களைக் கட்டாகக் கொண்டுவந்தார். அன்றன்று மழை பெய்தால் தேதிக்குப் பக்கத்தில் நீல மையில் ஒரு கோடு, கொட்டித் தீர்த்தால் இரண்டு கோடு, பாத்தியில் தண்ணீர் நின்றால் வட்டம். விதைத்த நாள், பூத்த நாள், எந்தப் பூச்சி வந்தது, மருந்துக்கு எத்தனை வெள்ளி ஆனது, எல்லாம் அதிலேயே இருக்கிறது. கணக்குப் பிள்ளைபோல் யாரும் சொல்லிக் கொடுத்துச் செய்ததில்லை. கொடுத்த கடனைக் கேட்டு வருகிற பூச்சிமருந்துக் கடைக்காரரிடம் வாதாட வேண்டியிருந்தது, அதற்காகத் தொடங்கினாராம். பழைய காலண்டர்களில் ஒற்றைக் கோடுகள் நிறைய. புதியவற்றில் வெற்று நாட்கள் நீண்டு, அப்புறம் வட்டங்கள் வரிசையாக வருகின்றன. மழைநாள் குறைந்து, பெய்கிற நாளில் ஒரேயடியாகப் பெய்கிறது. ஒரு தாய் தன் பயிருக்காகக் குறித்து வைத்த இந்தத் தாள்கள் எந்த அலுவலக அறிக்கைக்கும் குறைந்தவை அல்ல என்பது என் உறுதியான எண்ணம்.

பத்து மணிக்கு மேல் பக்கத்துத் தோட்டத்துச் செம்பனைக்காரர் வந்தார். எல்லாரும் அவரை மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஏழு ஏக்கர், சொந்தக் கிராண்ட் நிலம். அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கியது. அவரோடு நிரை நிரையாக நடந்தேன். ஒரு மரத்தடியில் நின்று மட்டையை விலக்கி, விரல் விரலாக நீண்ட பூங்கொத்தைக் காட்டினார். ஆண் பூ. "இது நெறைய வந்தா எனக்குக் குல கொறையும். மரம் தண்ணி இல்லாமத் தவிச்சா ஆண் பூவாப் போடும். அந்தத் தவிப்பு ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் என் கணக்குப் புஸ்தகத்துல தெரியும்."

அவர் சொல்வது அறிவியலும் ஒப்புக்கொள்கிற விஷயம். செம்பனையின் பூ ஆணா பெண்ணா என்பது அறுவடைக்கு ஏறக்குறைய இரண்டு ஆண்டுக்கு முன்பே மரத்துக்குள் தீர்மானமாகிவிடுகிறது. 2015-16 எல் நினோ வறட்சியில் மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தி 2015-இல் இருந்த சுமார் 2 கோடி டன்னிலிருந்து 2016-இல் சுமார் 1.73 கோடி டன்னுக்கு இறங்கியது. வறட்சி முடிந்து மழை வந்த பிறகும் சிறு விவசாயியின் வீட்டில் வறட்சி தொடர்கிறது. நிவாரணம் என்று எதைக் கொடுத்தாலும் வெயில் அடிக்கிற மாதத்தோடு கணக்கை முடித்தால் அது இவருக்கு உதவாது. இப்படி ஒன்றை மேசையில் உட்கார்ந்து யோசித்துக் கண்டுபிடிக்க முடியுமா என்று தெரியவில்லை. மாமாவைக் கேட்டால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடுகிறார்.

அவருக்கு இன்னொரு கவலையும் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்பு விதி. அந்த விதிப்படி, 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த செம்பனை, ரப்பர், காப்பி, கொக்கோ போன்றவை அங்கே போக முடியாது. ஒவ்வொரு நிலமும் எங்கே இருக்கிறது என்ற புவிக்குறிப்பு வேண்டும். 4 ஹெக்டேருக்கு மேல் என்றால் எல்லையைச் சுற்றி முழுதாக வரைந்து கொடுக்க வேண்டும். அதற்குக் கீழே ஒரு புள்ளி போதும். ஏழு ஏக்கர் என்பது 3 ஹெக்டேருக்கும் குறைவு, ஆகவே மாமாவுக்குப் புள்ளி போதும். ஆனால் அந்தப் புள்ளியை யார் எடுத்துக் கொடுப்பது, அதற்கான செலவு யாருடையது, பழம் வாங்குகிற ஏஜெண்ட் கையில் அது போனபின் என்ன ஆகும் என்பதற்குத் தெளிவான பதில் அவரிடம் யாரும் சொல்லவில்லை. உள்நாட்டில் 2020 முதல் கட்டாயமாகிவிட்ட நிலைத்தன்மைச் சான்றிதழுக்கு அவர் ஏற்கெனவே பயிற்சிக்குப் போய், பதிவேடு எழுதி, மருந்துக் கொட்டகைக்குப் பூட்டுப் போட்டவர். "எழுதச் சொன்னா எழுதறேன். எழுதறதுக்கு எனக்கு என்ன கெடைக்குது? குலைக்கு விலை அதேதான்."

மாலையில் மாடு வளர்க்கிறவர் ஒருவரைப் பார்த்தோம். தோட்டத்து லயத்தில் பிறந்தவர். தோட்டம் கைமாறிய பின் மாடுகளை வெளியே கொண்டுபோகச் சொல்கிறார்கள். செம்பனைக்குக் கீழே மாடு மேய்ந்தால் களைக்கொல்லிச் செலவு குறையும், சாணம் மண்ணுக்குப் போகும். வேளாண் துறையினரே பல வருஷமாகச் சொல்லிவரும் முறைதான். காலநிலைக்கு ஏற்ற விவசாயம் என்று புதிதாகப் பேர் வைத்துப் பேசுவதை இவர் அப்பா காலத்திலிருந்து செய்கிறார். இவருக்கு மேய்க்க இடம்தான் இல்லை.

ஞாயிறு

கூட்டம் மாரியம்மன் கோயில் மண்டபத்தில். பூசை முடிந்து பிரசாதம் கொடுத்துவிட்டு, அதே பந்திப் பாயை விரித்து உட்கார்ந்தார்கள். செமோர், காந்தான் பக்கத்துச் சீனக் காய்கறி விவசாயிகளும் வந்திருந்தார்கள். ஆற்றின் மேல்பகுதியிலிருந்து தெமியார் ஒராங் அஸ்லி (பூர்வகுடி) குடும்பங்களின் சார்பில் இருவர். பேச்சு மலாயில் போனது. நடுநடுவே தமிழ், சீனம். யாராவது ஒருவர் பக்கத்தில் இருப்பவருக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். தே ஓ சுற்றிச் சுற்றி வந்தது.

மாடு வளர்க்கிறவரின் மகள் பல்கலைக்கழகத்தில் படித்தவள். அவள்தான் எழுதுவதைப் பொறுப்பெடுத்திருந்தாள். முதலில் வெளியுலகில் என்ன நடந்திருக்கிறது என்று சொன்னாள். ஐ.நா. காலநிலைப் பேச்சில் விவசாயம் வெகுகாலம் ஓரத்திலேயே இருந்தது. 2017-இல் ஜெர்மனியின் பான் நகரில் நடந்த மாநாட்டில்தான் கொரொனிவியா என்ற பெயரில் விவசாயத்துக்கெனத் தனிப் பணித்திட்டம் வந்தது; அந்த மாநாட்டுக்குத் தலைமை தாங்கியது ஃபிஜி, கொரொனிவியா அங்கே உள்ள ஓர் ஊர். 2022-இல் எகிப்தின் ஷாம் எல் ஷேக்கில் அதை நான்கு ஆண்டுக்கு நீட்டி, உணவுப் பாதுகாப்பையும் சேர்த்தார்கள். அந்தப் பேச்சுகளில் பார்வையாளராக அங்கீகாரம் பெற்ற ஒன்பது பிரிவுகளில் விவசாயிகளும் ஒன்று. உலகமெங்கும் விவசாய அமைப்புகள் கூடி, ஒரே குரலில் எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்ததால்தான் இது நடந்தது.

அப்புறம் ஒரு தாளை எடுத்துப் படித்தாள். 1993-இல் பெல்ஜியத்தில் தொடங்கிய லா வியா கம்பெசினா போன்ற சிறு விவசாயி இயக்கங்கள் ஆண்டுக்கணக்காக நெருக்கியதில், 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற விவசாயிகள் உரிமைப் பிரகடனம். அதன் 18-வது பிரிவு, தேசிய அளவிலும் வட்டார அளவிலும் காலநிலைக் கொள்கைகளை வடிவமைப்பதில் பங்கெடுக்கச் சிறு விவசாயிகளுக்கு உரிமை உண்டு என்கிறது. மண்டபத்தில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ஒரு பாட்டி, "அப்ப நம்ம கேக்கறது பிச்ச இல்ல" என்றார். அதை உடனே மலாயில் சொல்லச் சொன்னார்கள்.

காசுப் பேச்சும் வந்தது. உலகக் காலநிலை நிதியில் சிறு விவசாயிகளுக்குப் போனது 1.7 விழுக்காடுதான் என்று 2020-இல் வந்த ஆய்வு சொன்னது. உலக உணவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு 2 ஹெக்டேருக்குக் குறைவான நிலங்களிலிருந்து வருகிறது. இந்த இரண்டு எண்களையும் வெள்ளைப் பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்தாள். மாலை வரை யாரும் அழிக்கவில்லை.

இனி நடந்தது எனக்கு மறக்காது. எதை முதல் கோரிக்கையாக வைப்பது என்ற பேச்சு சூடாகிவிட்டது.

அண்ணன் எழுந்தார். வேளாண் அதிகாரிகள் வந்து நல்ல ஆலோசனைதான் சொல்கிறார்கள். மழைக்கூரை போடுங்கள், வரப்பில் மரம் வையுங்கள், வறட்சிக்கு ஒரு குளம் வெட்டுங்கள். "என் நிலத்துக்குத் தற்காலிக உரிமம்தான். டிசம்பர் 31-ஓட முடியும். ஒவ்வொரு வருஷமும் புதுப்பிக்க வரிசையில நிக்கறேன். குளம் வெட்ட, கூரை போட அதுல அனுமதி இல்ல. அடுத்த வருஷம் இந்த மண்ணு நம்மளதான்னு தெரியாதவன் எப்படி மரம் வெப்பான்?"

தேசிய நிலச் சட்டத்தில் இந்தத் தற்காலிக உரிமம் அந்தந்த ஆண்டோடு முடிகிற மாதிரிதான் இருக்கிறது. இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் வைத்திருப்பவர் இறந்தால் உரிமமும் அன்றே முடிந்துவிடும். காந்தான் பக்கத்துச் சீன அம்மா ஒருவர், கணவர் இறந்த மாதமே தன் பெயரில் புதிதாக விண்ணப்பம் போட்டதையும், பதில் வருவதற்குள் இரண்டு பருவம் விதைத்து அறுத்துவிட்டதையும் சொன்னார். அந்த இடைக்காலத்தில் வெள்ளம் வந்தபோது அவர் கணக்கில் இல்லாத விவசாயி. நிவாரணப் பட்டியலில் பெயர் சேர்க்கக் காகிதம் கேட்டார்கள். காகிதம் இல்லை. அந்தரத்தில் நின்றது அவர் மட்டும் அல்ல, அந்த வரிசையில் பலர். இதைச் சொல்லும்போது அவர் குரல் உயரவில்லை. கேட்டுக்கொண்டிருந்த எனக்குத்தான் தாங்கவில்லை.

செம்பனை மாமாவுக்கு உடன்பாடு இல்லை. நிலப் பிரச்சினையை முதலில் வைத்தால், "இது காலநிலை இல்ல, நில ஆபீஸுக்குப் போங்க" என்று கடிதத்தைத் தள்ளிவிடுவார்கள் என்றார். அவர் பயத்தில் நியாயம் இருக்கிறது. கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணைப்படி நிலமும் விவசாயமும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. காலநிலைச் சட்டம் கூட்டரசின் நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில் எழுதப்படும். மண் மாநிலத் தலைநகரான ஈப்போவின் கையில் இருக்கும். இந்த இரண்டுக்கும் நடுவில்தான் சிறு விவசாயி விழுந்துபோகிறான்.

தெமியார் பெரியவர் அதுவரை பேசவில்லை. அவர் சொன்னார்: மேலே காட்டை வெட்டினால் ஆறு கலங்குகிறது, வெள்ளம் உங்கள் பாத்திக்கு வருகிறது. நாங்கள் பாட்டன் காலத்திலிருந்து இருக்கிற நிலத்துக்கு எங்களிடமும் காகிதம் இல்லை. காகிதம் இல்லாதவனின் காட்டைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். நிலமும் காலநிலையும் வேறு வேறு என்று நீங்கள் சொன்னால் எங்களுக்கு இந்தக் கடிதத்தில் வேலை இல்லை.

கை தூக்கிப் பார்த்தார்கள். நிலப் பாதுகாப்புதான் முதல் கோரிக்கை என்று முடிவானது. மாமா கை தூக்கவில்லை, ஆனால் எழுந்தும் போகவில்லை. அவருடைய யோசனையால் ஒரு நல்லது நடந்தது: ஒரே கடிதத்தை இரண்டாக்கி, புத்ராஜெயாவுக்கு ஒன்று, மாநில அரசுக்கு ஒன்று, ஒவ்வொன்றிலும் மற்றதன் நகல். எவரும் "எங்கள் வேலை இல்லை" என்று சொல்ல முடியாதபடி.

பிற்பகலில் மற்றவை வேகமாக எழுதப்பட்டன. தற்காலிக உரிமத்துக்குப் பதில் நீண்டகாலக் குத்தகை. பேரிடர் நிவாரணத்துக்கு நிலக் காகிதத்தோடு கோயில், பள்ளி, கிராமத் தலைவர் சாட்சியும் செல்ல வேண்டும். செம்பனைக்கு வறட்சிக்குப் பின் இரண்டாம் ஆண்டு இழப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். நில வரைபடச் செலவை வாங்குபவரும் அரசும் ஏற்க வேண்டும். செம்பனைக்குக் கீழே மாடு மேய்க்க எழுத்துபூர்வமான ஒப்பந்தம். மேற்பகுதிக் காட்டையும் ஒராங் அஸ்லி நிலத்தையும் பாதுகாப்பது கீழே உள்ள விவசாயத்துக்கான காலநிலைத் திட்டமாகவே கருதப்பட வேண்டும். உரம் பற்றி ஒரு வாதம் வந்தது. மண்ணில் போடுகிற தழைச்சத்து உரத்தில் ஏறக்குறைய 1 விழுக்காடு நைட்ரஸ் ஆக்சைடாகப் போகிறது. அது கரியமில வாயுவைவிட இருநூற்றுச் சொச்சம் மடங்கு வெப்பம் பிடிக்கும். எங்கள் பங்கைக் குறைக்க நாங்கள் தயார், மண் பரிசோதனையை எங்கள் ஊரிலேயே இலவசமாகச் செய்து கொடுங்கள் என்று எழுதினார்கள். இந்த வரி எனக்கு மிகவும் பிடித்தது. நாட்டின் உமிழ்வில் முக்கால் பங்குக்கும் மேல் எரிசக்தித் துறையிலிருந்து வருகிறது, விவசாயத்தின் பங்கு மிகச் சிறிது. அப்படியிருந்தும் இவர்கள் கை கழுவவில்லை.

கடைசியில் ஒரு தம்பி, தோட்டத்தில் குலை வெட்டுகிறவர், நிலம் இல்லாதவர்களுக்கு இதில் என்ன என்று கேட்டார். தொடர்ந்து 3 நாள் வெப்பம் 35 பாகை செல்சியஸைத் தொட்டாலே வானிலைத் துறை எச்சரிக்கை விடுகிறது, ஆனால் குலைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவன் நிழலில் உட்கார்ந்தால் அன்றைக்குச் சம்பளம் இல்லை. இந்தோனேசியாவிலிருந்தும் வங்காளதேசத்திலிருந்தும் வந்தவர்கள் கேட்கவும் பயப்படுகிறார்கள். வெயில் நாளுக்குக் குறைந்தபட்சக் கூலி என்று ஒரு கோரிக்கை அங்கேயே சேர்ந்தது. முதலில் ஆதரித்தவர் செம்பனை மாமா.

திங்கள்

பகல் முழுக்கத் தட்டச்சு. மலாய், தமிழ், சீனம் மூன்றிலும். நான் தமிழ்ப் பக்கத்தைப் பார்த்துக் கொடுத்தேன். அண்ணி தன் காலண்டர்களிலிருந்து பக்கங்களைத் தேர்ந்தெடுத்துப் படம் எடுத்தார், இணைப்பாகப் போகிறது.

நடுவில் ஒரு மணி நேரம் கிடைத்ததால் கோலகங்சாருக்குப் போய், மாவட்ட அலுவலகம் அருகே நிற்கும் பழைய ரப்பர் மரத்தைப் பார்த்தேன். 1877-இல் நட்ட முதல் கன்றுகளில் தப்பியது என்று சொல்கிறார்கள். தண்டு முண்டும் முடிச்சுமாக, சுற்றி வேலி. இந்த ஒரு மரவகைக்காகத்தான் எங்கள் முன்னோர்கள் கப்பலேறினார்கள். மரத்துக்கு வேலியும் பெயர்ப்பலகையும் இருக்கின்றன. அதை வெட்டிப் பால் எடுத்தவர்களின் பேரப்பிள்ளைகள் வருஷா வருஷம் உரிமத்துக்கு வரிசையில் நிற்கிறார்கள். இதை நினைக்காமல் அங்கே நிற்க முடியவில்லை.

செவ்வாய்

காலையில் ஈப்போவுக்கு இரண்டு லாரியும் ஒரு வேனும். பெரியம்மாவும் வந்தார். மண்டபத்தில் பேசிய பாட்டியும் சேலை மாற்றிக்கொண்டு முன் சீட்டில் உட்கார்ந்துவிட்டார். அலுவலகத்தில் கொஞ்ச நேரம் காக்க வைத்தார்கள். பின்பு ஓர் அதிகாரி வந்து வாங்கிக்கொண்டார், இளைஞர். முதல் பக்கத்தைப் படித்துவிட்டு, இது எந்தப் பிரிவுக்குப் போகும் என்று கேட்டார். மாமா உடனே பதில் சொன்னார்: "நிலத்துக்கு ஒண்ணு, விவசாயத்துக்கு ஒண்ணு. ரெண்டு பேரும் சேர்ந்து எங்களக் கூப்பிடுங்க. புத்ராஜெயாவுக்கும் இன்னிக்கே தபால்ல போவுது." ஞாயிற்றுக்கிழமை கை தூக்காத மனிதர்.

அதிகாரி காலண்டர் பக்கங்களைப் புரட்டி, நீலக் கோடுகள் என்ன என்று கேட்டார். அண்ணி மலாயில் விளக்கினார், மெதுவாக, ஒவ்வொரு வட்டத்துக்கும் எவ்வளவு பயிர் போனது என்று. அவர் கேட்டுக்கொண்டே தன் நோட்டில் எழுதினார். இந்தக் குறிப்பை எல்லாரும் வைத்திருக்கிறீர்களா என்றார். இனி வைத்திருப்போம் என்றார் அண்ணி. பெறப்பட்டது என்று முத்திரை குத்தி நகல் தந்தார்கள்.

திரும்பும் வழியில் சாப்பாட்டுக் கடையில் அடுத்த வேலைகளைப் பங்கு போட்டுக்கொண்டார்கள். மழைக் காலண்டரை எல்லாரும் ஒரே மாதிரி குறிக்க அண்ணி ஒரு தாள் அச்சடித்துத் தருவார். காந்தான் அம்மாவின் விண்ணப்பத்துக்கு மாடு வளர்க்கிறவரின் மகள் நினைவூட்டல் கடிதம் எழுதுவாள். சட்டமன்ற உறுப்பினர்களைப் பார்க்கப் போகிற குழுவில் தெமியார் பெரியவரும் குலை வெட்டுகிற தம்பியும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று பேசி முடித்தார்கள். கிரியான் பக்கத்து நெல் விவசாயிகளோடு மாமாவுக்குப் பழக்கம் உண்டு. வயலில் தண்ணீரை விட்டு விட்டுக் கட்டினால் மீத்தேன் வெகுவாகக் குறையும் என்று ஆராய்ச்சி நிலையங்கள் சொல்கின்றன, ஆனால் வாய்க்காலில் எப்போது தண்ணீர் வரும் என்று முடிவு செய்வது விவசாயி இல்லை. அதைப் பற்றி அவர்களும் எழுத நினைக்கிறார்களாம். அடுத்த கூட்டத்துக்கு அவர்களை அழைப்பது மாமாவின் பொறுப்பு.

எனக்கும் வேலை கொடுத்தார்கள். கிள்ளான், பந்திங் பக்கத்துச் சிறு விவசாயிகளிடம் இந்தக் கடிதத்தின் தமிழ்ப் பக்கத்தைக் கொண்டுபோய்ப் படித்துக் காட்ட வேண்டும், அவர்கள் சேர்க்க நினைப்பதை எழுதி வாங்க வேண்டும். படிக்கிற உங்களில் யாராவது அந்தப் பக்கம் காய்கறியோ செம்பனையோ மாடோ வைத்திருந்தால், மழையும் வெயிலும் உங்கள் நிலத்தில் என்ன செய்தன என்று தேதியோடு எழுதி வையுங்கள். நான் வந்து வாங்கிக்கொள்கிறேன்.